உழைப்பின் நடுவே ஓர் உறக்கம்

உறக்கம் உயிர்களுக்கெல்லாம் பொதுவானது. பகலெல்லாம் உழைத்தவன் இரவில் உறங்குகிறான். உறங்கி எழுந்தவன் மீண்டும் உழைக்கிறான். ஆனால் கையில் எடுத்த வேலையைப் பாதியில் வைத்துவிட்டு ஒருவன் உறங்கிப் போனால் அவனை நாம் என்னவென்று சொல்வோம்? சோம்பேறி என்போம், பொறுப்பற்றவன் என்போம். உறங்கியது மனிதனாக இல்லாமல் ஒரு கணினியாக இருந்தால்? அப்போதும் நாம் மனிதனைத்தான் குறை சொல்லுகிறோம் என்பதை 2023ஆம் ஆண்டில் நான் என் சொந்த அனுபவத்தில் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொள்வதற்கு நான் கொடுத்த விலை ஒரு மாணவனின் மனவருத்தம். அந்தக் கதையை இம்மலரின் வாயிலாக மாணவச் செல்வங்களுக்கும் உடன் பணியாற்றும் ஆசிரியப் பெருமக்களுக்கும் பெரியோர்களுக்கும் சொல்லிவிட வேண்டும் என்பது என் நெடுநாளைய எண்ணம்.

பணியின் தொடக்கம்

எங்கள் துறையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் இருக்கிறார். என் போன்றோர் பலருக்குத் தமிழின் சுவையை ஊட்டியவர். அகவை எண்பத்து நான்கு. அவர் எழுதிய கட்டுரைகள் ஆண்டு மலர்களிலும் சிற்றிதழ்களிலும் சிதறிக் கிடந்தன. கண்பார்வை பெரிதும் மங்கிவிட்ட நிலையில் அவர் என்னிடம் ஒரே ஒரு விருப்பத்தைத் தெரிவித்தார்.

“தம்பி, புத்தகமாக வருகிறதோ இல்லையோ, அது பிறகு. நான் எழுதியதையெல்லாம் யாராவது ஒருமுறை படித்துக் காட்டினால், பிழைகளைத் திருத்திக் கொடுத்துவிடுவேன். பிழையோடு போய்விடக் கூடாது.”

அவர் வெளியூரிலுள்ள தம் மகள் வீட்டுக்கு நிலையாகக் குடிபெயர இருந்தார். எஞ்சியிருந்தவை மூன்றே வாரங்கள். கட்டுரைகளைத் தொகுத்தபோது ஆயிரத்து எண்பது பக்கங்கள் தேறின. அவற்றை யார் தட்டச்சு செய்வது? யார் அமர்ந்து படித்துக் காட்டுவது?

இங்கேதான் கணினி துணைக்கு வந்தது. முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர், துறையின் கணினிப் பணிகளில் எங்களுக்கு உதவிக் கொண்டிருந்தவர், வழி ஒன்றைச் சொன்னார். பக்கங்களை ஸ்கேனர் என்னும் ஒளிவருடியால் படமெடுத்துக் கணினியில் சேர்த்துவிட்டால், படத்திலுள்ள எழுத்துகளைக் கணினியே இனங்கண்டு உரையாக மாற்றித் தரும். அவ்வுரையைக் குரலாகவும் அது படித்துக் காட்டும். இதற்கென ‘டெஸராக்ட்’ என்னும் நிரல் இலவசமாகவே கிடைக்கிறது. 1985இல் ஹியூலெட் பேக்கார்டு நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் உருவாகத் தொடங்கி, 2005இல் திறந்த மூல நிரலாக உலகுக்கு வழங்கப்பட்ட அது, இன்று தமிழ் எழுத்தையும் அறியும்.

படமெடுக்கும் வேலையை மாணவர்கள் நால்வர் ஒரு வாரத்தில் முடித்துவிட்டனர். எழுத்தை இனங்காணும் வேலை கணினியுடையது. எங்கள் துறைக் கணினி சற்று முதுமை எய்தியது. ஒரு பக்கத்தைப் படித்து முடிக்க அதற்கு ஏறத்தாழப் பதினெட்டு நொடிகள் வேண்டும். ஆயிரத்து எண்பது பக்கங்களுக்கு ஐந்தரை மணி நேரம். பகலில் வருகைப் பதிவும் மதிப்பெண் பட்டியலும் அக்கணினியில்தான். மாலை ஏழு மணி முதல் பதினொன்று வரை எங்கள் பகுதியில் மின்னழுத்தம் தாழ்ந்துவிடும். ஆகவே நள்ளிரவுக்குப் பின் ஒரு மணிக்கு வேலை தொடங்குவதே நல்லது என்று முடிவாயிற்று.

அதற்கும் வழி இருந்தது. மாலையில் வீடு திரும்பும்போது கணினியை முற்றிலும் நிறுத்திவிடாமல் உறக்க நிலையில் வைத்துவிடலாம். ஒரு மணி அடித்தவுடன் தானே விழித்தெழுந்து இன்ன வேலையைச் செய் என்று விண்டோஸ் இயங்குதளத்திலுள்ள ‘டாஸ்க் ஷெட்யூலர்’ என்னும் பணி அட்டவணையில் எழுதி வைத்துவிடலாம். மாணவர் அவ்வாறே எழுதி வைத்தார். முடிந்த பக்கங்களை விட்டுவிட்டு எஞ்சியவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுமாறும் ஏற்பாடு செய்தார். ஓர் இரவில் வேலை முடிந்துவிடும் என்று மகிழ்ந்து வீடு சென்றேன்.

ஆறு பக்கங்கள்

மறுநாள் காலை எட்டே முக்காலுக்குத் துறைக்கு வந்தேன். அறையைத் திறந்து வைத்திருந்த மாணவர் வெளியே பலகையைத் துடைத்துக் கொண்டிருந்தார். கணினியின் திரை இருண்டிருந்தது. விசைப்பலகையைத் தொட்டேன். திரை ஒளிர்ந்தது. என்ன கண்டேன் தெரியுமா? நிரல் ஏழாம் பக்கத்தைப் படித்துக் கொண்டிருந்தது! இரவெல்லாம் உழைத்திருக்க வேண்டிய கணினி ஆறே பக்கங்களை முடித்திருந்தது.

துறைப் பணிக்குக் கணினி தேவைப்பட்டதால் நிரலை மூடிவிட்டேன். இரண்டாம் இரவு ஏழு பக்கங்கள். மூன்றாம் இரவு மீண்டும் ஆறு பக்கங்கள். இந்த வேகத்தில் போனால் ஆயிரத்து எண்பது பக்கங்களுக்கு ஆறு மாதம் ஆகும். பேராசிரியர் ஊரை விட்டுச் செல்ல எஞ்சியிருந்தவை பன்னிரண்டு நாள்கள்.

முதலில் மின்சாரத்தின் மீது ஐயுற்றேன். இரவுக் காவலரைக் கேட்டேன். “விளக்கு அணையவே இல்லீங்க ஐயா” என்றார். அவரே மின்விசையை நிறுத்தியிருப்பாரோ என்றும் ஒரு கணம் நினைத்தேன். சிறிது சிந்தித்திருந்தால் இவ்விரண்டு ஐயங்களும் அப்போதே நீங்கியிருக்கும். மின்சாரம் நின்றிருந்தால் கணினி காலையில் புதிதாகத் தொடங்கியிருக்கும். திறந்திருந்த நிரல்கள் எல்லாம் மறைந்திருக்கும். இங்கோ எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. இறந்தவன் எழுந்து விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர மாட்டான், உறங்கியவன்தான் தொடருவான். கணினி நிற்கவில்லை, உறங்கியிருக்கிறது என்பதற்கு அதுவே போதிய சான்று. ஆனால் சான்று கண்முன் இருப்பது வேறு, அதைக் காண்பது வேறு.

நான்காம் இரவு நானே காவல் இருப்பதென்று துணிந்தேன். பன்னிரண்டே முக்காலுக்குத் துறைக்கு வந்து அமர்ந்தேன். சரியாக ஒரு மணிக்குக் கணினியின் உள்ளிருந்து விசிறியின் ஓசை கேட்டது. திரை இருண்டே இருந்ததால் மவுஸ் என்னும் சுட்டியைச் சற்று அசைத்தேன். திரை ஒளிர்ந்தது, பக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக முடிந்துகொண்டே இருந்தன. இருபது நிமிடங்கள் கண் கொட்டாமல் பார்த்துவிட்டு, குறையொன்றும் இல்லை என்ற நிறைவோடு வீடு திரும்பினேன். காலையில் பார்த்தால் அன்று நூற்று அறுபத்தாறு பக்கங்கள் முடிந்திருந்தன. அதற்குப் பின் ஒன்றும் இல்லை.

கணினித் துறை நண்பர் ஒருவரிடம் சொன்னேன். அவர் அமைப்புகளைத் திறந்து பார்த்துவிட்டு, “முப்பது நிமிடம் யாரும் தொடாவிட்டால் உறங்கிவிட வேண்டும் என்று இதில் குறித்திருக்கிறது. நீங்கள் ஒன்று இருபது வரை இருந்தீர்கள். ஒன்று ஐம்பதுக்கு அது உறங்கிவிட்டது” என்றார். ஐம்பது நிமிடம், பக்கத்துக்குப் பதினெட்டு நொடி, நூற்று அறுபத்தாறு பக்கங்கள். கணக்கு ஒத்து வந்தது. முப்பது நிமிடம் என்றிருந்ததை ‘ஒருபோதும் இல்லை’ என்று என் கையாலேயே மாற்றினேன். நோய்முதல் கண்டுவிட்டோம், இனிக் கவலையில்லை என்று தெளிந்தேன்.

ஐந்தாம் இரவு கடந்தது. காலையில் விசைப்பலகையைத் தொட்டேன். ஆறு பக்கங்கள்.

நான் செய்த தவறு

இப்போது என் மனம் எப்படி வேலை செய்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். கணினியின் குறையை நானே நீக்கிவிட்டேன். ஆகவே குறை கணினியில் இல்லை. நான் காவலிருந்த அன்று வேலை ஒழுங்காக நடந்தது. ஆகவே நான் இல்லாதபோதுதான் தவறு நேர்கிறது. ஒவ்வொரு நாள் காலையிலும் நான் வரும்போது நிரல் ஏழாம் பக்கத்திலோ எட்டாம் பக்கத்திலோ இருக்கிறது. ஆகவே நான் வருவதற்குச் சற்று முன்னர்தான் அதை யாரோ தொடங்கியிருக்க வேண்டும். எனக்கு முன் அறைக்கு வருபவர் யார்? சாவியை வைத்திருந்த அந்த மாணவர். இரவுக்கான ஏற்பாட்டைச் செய்ய மறந்துவிட்டு, காலையில் வந்து அவசரமாகத் தொடங்கிவிட்டு, இரவெல்லாம் ஓடியதாகக் காட்டுகிறார்!

அழகான தருக்கம். ஒவ்வொரு படியும் அடுத்த படியைத் தாங்கி நின்றது. ஆனால் அடித்தளம்தான் இல்லை.

உடன் பணியாற்றும் ஆசிரியர் இருவர் அங்கே இருந்தனர். அவர்கள் முன்னிலையிலேயே கேட்டேன்: “தம்பி, உண்மையைச் சொல். மாலையில் நேரத்தைக் குறித்தாயா, இல்லையா?”

“குறித்தேன் ஐயா.”

“குறித்திருந்தால் ஆறு பக்கம் எப்படி? நான் இருந்தால் ஓடுகிறது, நான் இல்லாவிட்டால் ஓடாதா? கணினிக்கு என்னைக் கண்டால் மட்டும் அச்சமா?”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. “நாளை முதல் சாவியை வேறொருவர் வைத்துக்கொள்ளட்டும்” என்றேன். பையிலிருந்து சாவியை எடுத்து மேசைமீது வைத்துவிட்டு அவர் வகுப்புக்குப் போனார். அவருடைய மௌனத்தைக் குற்றத்தின் ஒப்புதலாக நான் எடுத்துக்கொண்டேன்.

திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. ஐம்பத்தோராம் அதிகாரம். ஒருவரை ஆராயாமல் நம்புவதும் தவறு, ஆராய்ந்து தெளிந்தபின் ஐயுறுவதும் தவறு என்பதை அவ்வதிகாரத்தை வைத்துப் பல ஆண்டுகள் வகுப்பில் விளக்கியவன் நான். அன்று காலையிலும் எனக்கு வகுப்பு இருந்தது. பாடம் மட்டும் வேறு.

ஒரு தாளில் சில நேரங்கள்

மறுநாள் வெள்ளிக்கிழமை. நண்பகலில் நீண்ட இடைவேளை. அது முடிந்து நான் துறைக்குத் திரும்பியபோது அந்த மாணவர் வாயிலில் நின்றிருந்தார். கையில் குறிப்பேட்டிலிருந்து கிழித்த ஒரு தாள்.

“ஐயா, என் பேச்சை நம்ப வேண்டாம். இந்தத் தாளை மட்டும் ஒருமுறை பாருங்கள்.”

அதில் எழுதியிருந்தவை வெறும் நேரங்கள். கணினி உருவாக்கிய ஒவ்வோர் உரைக் கோப்பிலும் அது பிறந்த நேரம் பதிவாகியிருக்கும் அல்லவா? அவற்றை அவர் ஐந்து நாளுக்கும் எடுத்து எழுதியிருந்தார். முதல் ஆறு கோப்புகள் நள்ளிரவு ஒரு மணிக்கும் ஒன்று இரண்டுக்கும் இடையில் பிறந்தவை. ஏழாவது கோப்பு காலை எட்டு நாற்பத்தேழுக்கு, நான் விசைப்பலகையைத் தொட்ட பிறகு. ஒவ்வொரு நாளும் இதே ஒழுங்கு.

நள்ளிரவு ஒரு மணிக்கு அம்மாணவர் விடுதியில் உறங்கிக் கொண்டிருந்தார். துறையறை பூட்டியிருந்தது. அந்த நேரத்தில் வேலை தொடங்கியிருக்கிறது என்றால் அவர் எழுதி வைத்த ஏற்பாடு சரியாகவே நடந்திருக்கிறது.

தாளின் மறுபுறத்தில் வேறொரு பட்டியல். விண்டோஸில் ‘ஈவென்ட் வியூவர்’ என்னும் நிகழ்வுப் பதிவேடு இருக்கிறது. கணினிக்குள் நடக்கும் முதன்மையான நிகழ்ச்சிகளையெல்லாம் அது நாள்குறிப்புப் போல எழுதி வைக்கிறது. கணினி உறங்கச் செல்லும்போது ‘கர்னல் பவர்’ என்னும் தலைப்பில் 42 என்ற எண்ணோடு ஒரு குறிப்பு எழுதப்படும். ஏன் உறங்குகிறது என்ற காரணமும் அதில் இருக்கும். விழித்த பின், ‘பவர் ட்ரபிள்ஷூட்டர்’ என்னும் தலைப்பில் 1 என்ற எண்ணோடு, எப்போது உறங்கியது, எப்போது விழித்தது, எது எழுப்பியது என்று மற்றொரு குறிப்பு. அவர் எடுத்து எழுதியிருந்தது இவ்வளவே: ஒரு மணிக்கு விழித்தது, எழுப்பியது கடிகாரம். ஒன்று இரண்டுக்கு உறங்கியது. காரணம், கணினி சும்மா இருந்தது.

“ஐயா, மின்சாரம் போனால் ஒரு நாள் பத்து மணித்துளியில் போகும், ஒரு நாள் இரண்டு மணி நேரம் கழித்துப் போகும். மனிதர் நிறுத்தினாலும் அப்படித்தான். தினமும் சரியாக இரண்டு நிமிடம் என்றால், யாரோ இதற்குள் இரண்டு என்று எழுதி வைத்திருக்கிறார்கள்” என்றார் அவர்.

நான் தலை குனிந்தேன். ஆறுக்கும் நூற்று அறுபத்தாறுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டும் அதன் பொருளை நான் ஆராயவில்லை. முப்பது நிமிட விதி ஐம்பது நிமிடத்தை விளக்கியது. இரண்டு நிமிடத்தை விளக்கவேயில்லை. விளங்காத எண்ணை ஒதுக்கிவிட்டு விளங்கிய எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மாணவனைக் குற்றவாளியாக்கிவிட்டேன்.

மறைந்திருந்த விதி

கணினித் துறை நண்பரும் மாணவரும் அன்று மாலையே ஒரு சோதனை செய்தனர். பணி தொடங்கும் நேரத்தை மூன்று மணி என்று மாற்றிவிட்டுக் கணினியை உறங்க வைத்தனர். மூவரும் எட்ட நின்றோம். மூன்றுக்கு அது விழித்தது, ஒருவரும் தொடவில்லை, மூன்று இரண்டுக்கு உறங்கிவிட்டது. மீண்டும் மூன்றரைக்கு நேரம் குறித்தனர். விழித்தவுடன் சுட்டியை ஒருமுறை அசைத்தனர். இம்முறை அது உறங்கவேயில்லை.

இரவில் நான் காவலிருந்த கதை அப்போதுதான் எனக்கு விளங்கியது. கணினியைக் கண்காணிக்கச் சென்ற நான், சுட்டியை அசைத்ததால், கண்காணிக்க வேண்டிய நிலையையே மாற்றிவிட்டேன்.

இதன் விளக்கம் வருமாறு. விண்டோஸில் உறக்கத்திற்கு இரண்டு கணக்குகள் உண்டு. மனிதர் எழுப்பிய கணினிக்கு ஒன்று. அதை நாம் அமைப்புகளில் காணலாம், மாற்றலாம். கடிகாரம் போன்ற ஒன்றால், மனிதர் இல்லாதபோது தானே எழுந்த கணினிக்கு மற்றொன்று. ‘சிஸ்டம் அன்அட்டெண்டட் ஸ்லீப் டைம்அவுட்’ என்பது அதன் பெயர். ஆளில்லா விழிப்பின் எல்லை என்று தமிழில் சொல்லலாம். அது இயல்பாக இரண்டு நிமிடம். அமைப்புகளின் பட்டியலில் அது வெளியே தெரியாது; மறைத்து வைக்கப்பட்டிருக்கும். முதல் கணக்கை ‘ஒருபோதும் இல்லை’ என்று நான் மாற்றியும் பயனில்லாமல் போனதற்கு இதுவே காரணம்.

இதில் இயந்திரத்தின் குற்றமோ அதைச் செய்தவர்களின் குற்றமோ ஒன்றுமில்லை. தற்செயலாக எதனாலோ விழித்துவிட்ட கணினி விடியும்வரை மின்சாரத்தை வீணாக்கக் கூடாது என்னும் நன்னோக்கமே அதன் அடிப்படை. கணினியின் மின்சிக்கனத்திற்கு ஒரு வரலாறே இருக்கிறது. 1992இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ‘எனர்ஜி ஸ்டார்’ என்னும் முத்திரைத் திட்டத்தைத் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட பொருள்களுள் கணினியும் திரையும் அடங்கும். அதே ஆண்டில் இன்டெல்லும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து ‘ஏ.பி.எம்.’ என்னும் மின்மேலாண்மை முறையை வெளியிட்டன. 1996 டிசம்பரில் இவ்விரு நிறுவனங்களும் டோஷிபாவும் சேர்ந்து ‘ஏ.சி.பி.ஐ.’ என்னும் விரிந்த முறையை வெளியிட்டன. முழு விழிப்பு முதல் முழு நிறுத்தம் வரை உறக்கத்தைப் படிப்படியாக வகுத்தது அதுதான். அதில் எஸ் 3 என்னும் நிலையில் நினைவகத்திற்கு மட்டும் சிறிது மின்சாரம் போய்க்கொண்டிருக்கும், மற்றவை அணைந்திருக்கும். எஸ் 4 என்னும் நிலையில் நினைவகத்திலுள்ளவை வட்டில் எழுதப்பட்டு எல்லாமே அணைந்துவிடும்.

அப்படியானால் வேலை நடக்கும்போது கணினி எப்படி விழித்திருக்கும்? திரைப்படம் ஓடும்போது நாம் விசையைத் தொடாவிட்டாலும் அது உறங்குவதில்லையே? அங்கே அந்நிரல் இயங்குதளத்திடம், “நான் பணியில் இருக்கிறேன், உறங்கிவிடாதே” என்று வேண்டுகோள் விடுக்கிறது. வேண்டுகோள் விடுத்த நிரல்கள் எவை என்பதை ‘பவர்சிஎஃப்ஜி’ என்னும் கட்டளையோடு ‘ரிக்வெஸ்ட்ஸ்’ என்று சேர்த்துக் கேட்டால் விண்டோஸ் பட்டியலிட்டுக் காட்டும். எங்கள் நிரல் ஓடிக்கொண்டிருந்தபோது அவ்வாறு கேட்டோம். பட்டியல் வெறுமையாக இருந்தது. எங்கள் நிரல் கடுமையாக உழைத்தது. ஆனால் உழைப்பதாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆளும் இல்லை, வேண்டுகோளும் இல்லை. ஆகவே, சும்மா இருக்கிறது என்று பதிவேட்டில் எழுதிவிட்டுக் கணினி உறங்கிவிட்டது.

மற்ற இயங்குதளங்களிலும் இவ்வேண்டுகோள் முறை உண்டு. லினக்ஸில் ‘சிஸ்டம்டி இன்ஹிபிட்’ என்ற கட்டளை இருக்கிறது. ஆப்பிளின் மேக் கணினிகளில் அதற்குக் ‘காஃபினேட்’ என்று பெயர். காபியிலுள்ள காஃபீனை நினைத்து வைத்த பெயர். 15ஆம் நூற்றாண்டில் யமன் நாட்டுச் சூஃபியர் இரவு வழிபாட்டில் விழித்திருக்கக் காபி அருந்தினர் என்பது வரலாறு. விழித்திருக்க மனிதனுக்கும் ஒரு துணை வேண்டியிருக்கிறது, இயந்திரத்திற்கும் வேண்டியிருக்கிறது.

மறைந்திருந்த அந்த அமைப்பை நண்பர் ஒரு கட்டளையால் வெளிக்கொணர்ந்தார். இரண்டு நிமிடம் என்றிருந்ததை முந்நூற்று அறுபது நிமிடம், அதாவது ஆறு மணி நேரம், என்று மாற்றினார். எல்லையே இல்லாமல் செய்துவிடலாம் என்று நான் சொன்னபோது அவர் மறுத்தார். “வேலைக்கு வேண்டிய அளவு விழிப்புப் போதும். முடிந்த பின் உறங்கட்டும்” என்றார்.

அன்றிரவு யாரும் காவல் இருக்கவில்லை. காலையில் வந்து பார்த்தோம். எஞ்சியிருந்த ஏறக்குறைய தொள்ளாயிரம் பக்கங்களும் முடிந்திருந்தன. கடைசிக் கோப்பு பிறந்த நேரம் ஐந்து முப்பத்தொன்று. ஏழு மணிக்குக் கணினி தானே உறங்கியிருந்தது.

சாவியைத் திருப்பிக் கொடுத்தேன்

இருவர் முன்னிலையில் கடிந்தவன் தனிமையில் வருத்தம் தெரிவிப்பது முறையாகாது. ஆகவே அதே இரு ஆசிரியர்களையும் அழைத்து, அவர்கள் முன்னிலையில், “தம்பி, நான் ஆராயாமல் பேசிவிட்டேன். தவறு என்னுடையது” என்று சொல்லிச் சாவியை அவர் கையில் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார். “பரவாயில்லை ஐயா” என்றார். பரவாயில்லை என்ற அந்தச் சொல்லில் சிறிது வருத்தம் எஞ்சியிருந்தது என்றே இன்றும் நினைக்கிறேன். அவர் ஏன் அன்று தம் பக்கத்தை எடுத்துச் சொல்லவில்லை என்று பின்னொரு நாள் கேட்டேன். “சொன்னேன் ஐயா, குறித்தேன் என்று. அதற்கு மேல் என்னிடம் சான்று இல்லை. சான்று இல்லாமல் ஆசிரியரிடம் வாதாடலாமா என்று தேடப் போனேன்” என்றார்.

உரைகளை எடுத்துக்கொண்டு பேராசிரியர் இல்லத்திற்கு அவரையே அனுப்பினேன். ஒன்பது நாள்கள், நாளொன்றுக்கு நான்கு மணி நேரம், கணினியின் குரல் படிக்கப் படிக்கப் பேராசிரியர் கேட்டார். பிழை வரும் இடங்களில் நிறுத்தச் சொன்னார். 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்தைய அச்சில் ‘ணை’, ‘லை’ போன்ற எழுத்துகள் பழைய வடிவில் இருந்தமையால் கணினி அங்கே தடுமாறியது. காலுக்கும் ரகரத்திற்கும் வேறுபாடு தெரியாமல் சில சொற்களைச் சிதைத்தது. பேராசிரியர் அதைக் கேட்டுக் குழந்தைபோலச் சிரித்தாராம். அம்மாணவர் மூல நூலைப் பார்த்துத் திருத்திக்கொண்டே வந்தார். கணினியின் பிழைகளோடு, தாம் இளமையில் எழுதிய சில கருத்துப் பிழைகளையும் பேராசிரியர் நீக்கினார். ஊருக்குப் புறப்படும் நாளுக்கு முந்திய மாலையில் கடைசிக் கட்டுரை முடிந்தது.

விடைபெறச் சென்றபோது நடந்ததையெல்லாம் அவரிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: “வகுப்பில் கண்ணை மூடியிருந்த பையனை நானும் உறங்குகிறான் என்று எழுப்பி வெளியே அனுப்பியிருக்கிறேன். அவன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான் என்பது தேர்வுத்தாளைத் திருத்தும்போது தெரிந்தது. அவனிடம் அதைச் சொல்லாமலே ஓய்வு பெற்றுவிட்டேன். நீ சொல்லிவிட்டாய், அந்த மட்டில் நல்லது.”

மாணவச் செல்வங்களே! உங்கள் கணினி வேலையின் நடுவே உறங்கிவிட்டால் முதலில் நிகழ்வுப் பதிவேட்டைப் பாருங்கள்; எப்போது, எக்காரணத்தால் உறங்கியது என்பதை அதுவே சொல்லும். அது விழித்தது மனிதர் தொட்டா, கடிகாரத்தாலா என்று பிரித்தறியுங்கள். உங்கள் நிரல் விழித்திருக்கும் வேண்டுகோளை விடுத்திருக்கிறதா என்று கேட்டறியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதியுங்கள். விளக்கத்திற்கு உட்படாத எண் ஒன்று எஞ்சியிருக்கும்வரை நோய்முதலைக் கண்டுவிட்டதாக எண்ணாதீர்கள்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் பெரியோர்களுக்கும் நான் சொல்லத்தக்கது ஒன்றே. ஓசையின்றி உழைப்பவர்கள் நம் வகுப்பறைகளிலும் இல்லங்களிலும் நிறைய இருக்கிறார்கள். தாம் உழைப்பதாக அவர்கள் வேண்டுகோள் விடுப்பதில்லை. அவர்கள் பெயருக்கு எதிரே ‘சும்மா இருந்தார்’ என்று எழுதுமுன், அவர்கள் செய்து வைத்த வேலையின் நேரத்தை ஒருமுறை பார்த்துவிடுவோம்.